முசியே எத்மோன் சொன்ன பாஸ்

விசில் ஊதினால் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். முசியே எத்மோன் வீட்டில் அதுதான் சட்டம்.

எத்மோன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சைகோனையும் அல்ஜீரியாவையும் பார்த்துவிட்டு, பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியிருந்தார். அவரோடு கப்பலேறி வந்த சாமான்களில் ஒரு பித்தளை விசிலும் உண்டு. ஊதினால் அடங்குவதற்குக் காரைக்காலில் யாரும் அகப்படாமல் அது அலமாரியில் கிடந்தது. 1982-ம் வருஷம் அவருடைய மகள் ஐரேன் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்ததும் விசிலுக்கு மறுபடி உத்தியோகம் கிடைத்தது.

விசிலுக்குக் கட்டுப்பட்டவர்கள் இரண்டு பேர். ஐரேன் ஒருத்தி. இன்னொருவன் பக்கத்து வரிச்சிக்குடி விவசாயி சுப்பையன் மகன் சோமசேகரன்.

இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவள் பொருளாதாரம், அவன் கணக்கு. படிப்பு முடிந்ததும் சோமசேகரனுக்குக் காரைக்காலிலேயே ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிக எழுத்தர் வேலை கிடைத்தது. தற்காலிகம் என்றால் ஒவ்வொரு மார்ச்சிலும் நீட்டிப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. அகமதாபாத், கல்கத்தா, பெங்களூர் என்று மூன்று ஊர்க் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே நுழைவுத் தேர்வு நடக்கிறது, அதில் தேறினால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், அதிலும் தேறினால் இரண்டே வருஷப் படிப்பு, படிப்பு முடிவதற்குள் கம்பெனிக்காரர்கள் வந்து கொத்திக்கொண்டு போவார்கள் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னவள் ஐரேன்தான்.

பம்பாயில் ஒரு நிறுவனம் இந்தத் தேர்வுக்குத் தபாலில் பாடம் அனுப்பியது. ஐரேன் பெயருக்கு வந்த கட்டுகளை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆங்கிலம் அவள் பொறுப்பு, கணக்கு அவன் பொறுப்பு. ஆபீஸ் விட்டதும் சோமசேகரன் நேரே சைக்கிளை அந்த வீட்டுக்கு மிதிப்பான். கூடத்து மேஜையின் இரண்டு முனைகளில் இருவரும் உட்காருவார்கள். நடுவில் எத்மோன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். அவர் மனைவி ஷந்தால் சமையலறையில் பாத்திரம் உருட்டினால் கூட அவருக்குப் பொறுக்காது.

ஆங்கிலத்தில் கஷ்டமான வார்த்தை என்று பெயரெடுத்ததெல்லாம் ஐரேனுக்கு வீட்டில் புழங்குகிற பிரெஞ்சு வார்த்தையாக இருந்தது. சோமசேகரன் அகராதியைப் புரட்டி முடிப்பதற்குள் அவள் அர்த்தம் சொல்லிவிடுவாள். சில சமயம் அதுவே காலை வாரிவிடும். ஒரு கேள்வியில் 'லைப்ரரி'க்கு நூலகம் என்று குறிக்க வேண்டிய இடத்தில் புத்தகக் கடை என்று குறித்திருந்தாள். பிரெஞ்சில் 'லிப்ரேரி' என்றால் அதுதான் அர்த்தமாம்.

"முகம் ஒண்ணா இருக்கு, ஆள் வேறயா இருக்கான்" என்றான் சோமசேகரன்.

"இந்த மாதிரி ஆளுங்க நிறைய இருக்காங்க. நீங்க பாத்து நடந்துக்குங்க" என்றாள் அவள்.

அவள் சொன்னதை அவன் அப்போதே காதில் வாங்கியிருக்கலாம்.

அவளுடைய உண்மையான கஷ்டம் வேறு. அந்தத் தேர்வில் தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் குறைத்துவிடுவார்கள். தெரியாததைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். ஐரேனுக்கு விட மனசு வராது. கடைசிக் கேள்வி வரை ஒன்று பாக்கியில்லாமல் குறித்துத் தள்ளுவாள், சம்பாதித்ததில் பாதியை அபராதமாகக் கட்டுவாள். சோமசேகரன் நேர் எதிர். சந்தேகம் என்று வந்தால் பென்சில் நகராது. அவனுடைய விடைத்தாள் ஆடு மேய்ந்த வயல் மாதிரி அங்கங்கே வெறுமையாக இருக்கும். ஆனால் மதிப்பெண் அவளைவிட எப்போதும் ஒரு படி மேலே நிற்கும்.

எத்மோனுக்கு இந்தக் கால் மதிப்பெண் சமாச்சாரமே பிடிக்கவில்லை. சண்டைக்குப் போனவன் பாதி தோட்டாவைத் திருப்பிக் கொண்டுவந்தால் அவனை என்னவென்று சொல்வது என்று மகள் பக்கம் பேசுவார். ஆனால் விசில் ஊதிய பிறகு அவருக்கு இருவரும் ஒன்றுதான். ஒவ்வொரு மாலையும் எழுந்து, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பி ஒரே வாக்கியம் சொல்வார்.

"ஷந்தால், பிள்ளைங்க ரெண்டும் பாஸ் பண்ணிட்டாங்க. காப்பி கொண்டா."

ஒருநாள் சோமசேகரன் ஆங்கிலத்தில் மண்ணைக் கவ்வியிருந்தான். விடைகளைச் சரிபார்க்கவே கூச்சமாக இருந்தது. அன்றைக்கும் எத்மோன் அதே வாக்கியத்தைச் சொன்னார், அதே காப்பி வந்தது. நல்ல மனுஷன், பிள்ளைகள் மனசு உடையக்கூடாது என்று நினைக்கிறார் என்று சோமசேகரன் எடுத்துக்கொண்டான்.

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மெட்ராசில் தேர்வு நடந்தது. எத்மோனும் கூடவே வந்து, பள்ளிக்கூட வாசலில் வேப்பமர நிழலில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். விசில் ஊதத்தான் அங்கே அவருக்கு அதிகாரம் இல்லை. தேர்வு முடிந்து வந்த ஐரேன் எல்லாக் கேள்விக்கும் விடை குறித்துவிட்டதாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அங்கிருந்து நேரே பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினாள். அத்தை அனெத் வீட்டில் கிறிஸ்துமஸ், அதன் பிறகு பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்கிற வேலை. ஜனவரி கடைசியில்தான் திரும்புவாள். சோமசேகரனும் எத்மோனும் காரைக்கால் பஸ்சில் திரும்பினார்கள். நேர்முகத்துக்கான அழைப்பு புது வருஷத்தில் தபாலில் வரும் என்று அறிவிப்பில் இருந்தது. எந்தத் தேதியில் என்று இல்லை.

அந்த இடைவெளியில்தான் யேனாம் வந்து நுழைந்தது.

பாண்டிச்சேரி சர்க்காரில் வேலை பார்க்கிறவனுக்கு மாஹே மாற்றலும் யேனாம் மாற்றலும் எந்த நேரமும் தலைக்கு மேல் தொங்கும். ஒன்று கேரளத்துப் பக்கம், இன்னொன்று ஆந்திரத்துப் பக்கம். யேனாம் ஆபீசில் ஒரு நிரந்தர இடம் காலியாகியிருந்தது. சூப்பிரண்டு செல்லையன் சோமசேகரனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சம்மதம் என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். மாட்டேன் என்றால் அடுத்த ஆள் போவான், மார்ச்சோடு இவனுடைய தற்காலிகமும் முடியும். நிபந்தனை ஒன்று உண்டு. அங்கே ஆள் பற்றாக்குறை, போகிறவன் முதல் ஆறு மாதம் லீவ் என்று வாயைத் திறக்கக் கூடாது. சம்மதக் கடிதத்திலேயே அதையும் எழுத வேண்டும்.

சோமசேகரன் கணக்குப் போட்டுப் பார்த்தான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். யேனாமில் இருந்துகொண்டு அது நடக்காது. கூப்பிடாவிட்டால் யேனாமைத் தவிர வேறு கதி கிடையாது. ஆகவே தபாலைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அவகாசம் கேட்டான். பொங்கலுக்கு முந்தின நாள் வரை என்றார் செல்லையன்.

வீட்டில் சுப்பையனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. சர்க்காரே வா வா என்று கூப்பிடுகிறபோது, வருமா வராதா என்று தெரியாத காகிதத்துக்காகப் பிள்ளை வழி பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு அறுப்புக்கு நிற்கிற பயிரை மழைக்குக் காட்டுவது போல இருந்தது. சொல்லிப் பார்த்தார். பிறகு தை அறுப்பு வேலையில் இறங்கிவிட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாளும் வந்தது. தபாலில் ஒன்றும் வரவில்லை.

காலையில் செல்லையன் கேட்டார். சாயங்காலம் வரை நேரம் இருக்கிறதே என்றான் சோமசேகரன். இன்னும் கொஞ்ச நாள் அவகாசம் கேட்டுப் பாண்டிச்சேரிக்கு எழுதிப் பார்க்கச் சொல்லலாமா என்று அவன் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. செல்லையனும் அப்படி ஒன்றும் கெடுபிடியான மனுஷர் இல்லை. ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தவர் அவன் மேஜை ஓரம் நின்றார்.

"ஏன் சோமசேகர், உன்கூடப் படிச்சுதே முசியே எத்மோன் பொண்ணு, அது பாஸ் பண்ணிடுச்சாமே?"

அவன் நிமிர்ந்தான். யார் சொன்னது என்று கேட்டான்.

"அவரேதான் சொன்னாரு. புது வருஷத்துக்குக் கை குடுக்கப் போயிருந்தேன். பொண்ணு மெட்ராசுல பரீட்சைய பாஸ் பண்ணிட்டா, இப்ப பாண்டிச்சேரியில இருக்கான்னாரு. உனக்கு ஒண்ணும் வரலியா?"

வரவில்லை என்றான்.

அவளுக்குப் புது வருஷம் பிறந்ததுமே அழைப்பு வந்துவிட்டது. அவனுக்குப் பொங்கல் வரை வரவில்லை. இதில் கணக்குப் படித்தவன் யோசிக்க என்ன இருக்கிறது? எல்லாக் கேள்வியையும் குறித்துத் தள்ளியவள் தேறிவிட்டாள், விட்டு விட்டு எழுதியவன் போய்விட்டான். எத்மோன் சொன்னதுதான் சரி, தோட்டாவைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கக் கூடாது. சோமசேகரன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, யேனாமுக்குச் சம்மதம், ஆறு மாதம் லீவ் கேட்க மாட்டேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அன்றைய தபாலிலேயே அது பாண்டிச்சேரிக்குப் போய்விட்டது.

கொடுத்துவிட்டுத்தான் விசாரிக்கப் போனான். போகாமல் இருந்திருந்தால் மனசில் ஒரு சந்தேகமாவது மிஞ்சியிருக்கும்.

எத்மோன் வாசலில் சாய்வு நாற்காலியைப் போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். சோமசேகரன் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"ஐரேன் பாஸ் பண்ணிட்டாங்களாமே, முசியே?"

"பண்ணிட்டா, பண்ணிட்டா" என்றார் அவர், முகமெல்லாம் மலர்ந்து. "நல்லா பண்ணினதா சொன்னா. நீயும்தானேப்பா பாஸ் பண்ணினே?"

ஆறுதல் சொல்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

"நான் இல்லீங்க."

எத்மோன் பத்திரிகையை மடித்தார். அவர் முகத்தில் உண்மையான திகைப்பு.

"ஏன்? அன்னிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

எவ்வளவு நாசூக்கான மனுஷன், சாக்கைக்கூட அவரே எடுத்துக் கொடுக்கிறாரே என்று நினைத்துக்கொண்டான் சோமசேகரன்.

"ஆமாங்க. சரியில்லாமத்தான் போச்சு."

"பள்ளிக்கூடத்துக்குள்ளே போனியே, நான் பாத்தேனே?"

"போனேங்க. என்ன பிரயோஜனம்."

அதற்குமேல் கேட்கக் கூடாது என்று எத்மோனும் விட்டுவிட்டார். உள்ளே போய்விட்டு எழுதாமல் திரும்பியவனைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ, பட்டாளத்துக்காரர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளேயிருந்து ஷந்தால், கேக் இருக்கிறது, வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று குரல் கொடுத்தாள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சோமசேகரன் பெடலை அழுத்தினான்.

ஜனவரி முடிவதற்குள் அவன் யேனாமில் இருந்தான். மெட்ராசுக்குப் பஸ், அங்கிருந்து ரயில், ரயிலை விட்டால் மறுபடி பஸ். கோதாவரிக் கரையில் காரைக்காலில் பாதிகூட இல்லாத ஊர். தெருவெல்லாம் தெலுங்கு. ஆபீசில் ஆள் குறைவுதான், ஆனால் வேலையும் குறைவு. ஆற்றைப் பார்த்த ஜன்னல் ஒன்று அவன் மேஜைக்கு அருகில் இருந்தது. படகுகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே ஒருவன் அங்கே ஓய்வு பெற்றுவிடலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்த அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரியில் தந்தி வந்தது.

தந்தி என்றதும் ஆபீசே எழுந்து நின்றது. அப்பாவுக்கு என்னவோ என்றுதான் அவனும் பிரித்தான். அனுப்பியவள் ஐரேன். ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இதுதான்: உங்களுக்கு நேர்முக அழைப்பு வந்திருக்கிறது. மெட்ராஸ், இருபத்தொன்றாம் தேதி. எனக்கு வரவில்லை. அப்பா சொல்கிற பாஸ் என்றால் பரீட்சை எழுதினாள் என்று மட்டுமே அர்த்தம். புறப்பட்டு வாருங்கள்.

முதல் தடவை படித்தபோது அழைப்பு மட்டும்தான் தலைக்குள் போனது. இரண்டாவது தடவை படித்தபோது கடைசி வரிக்கு முந்தின வரியில் நின்றான்.

பிரெஞ்சில் பரீட்சையை 'பாஸே' பண்ணுவது என்றால் எழுதுவது. அவ்வளவுதான். எழுதியவன் தேறினானா இல்லையா என்பதைப் பற்றி அந்த வார்த்தைக்கு அக்கறை கிடையாது. எத்மோன் ஆயுசு முழுக்க அந்த அர்த்தத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தார், தமிழில் பேசும்போதும். பிள்ளைங்க ரெண்டும் பாஸ் பண்ணிட்டாங்க, காப்பி கொண்டா. அத்தனை மாலைகளில் அத்தனை தடவை கேட்டும் சோமசேகரன் காதில் அது ஏறவில்லை. முகம் ஒன்று, ஆள் வேறு. ஆபீசில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவன் சிரித்தான். சாவுத் தந்தி இல்லை என்று அவர்களும் உட்கார்ந்தார்கள்.

சிரிப்பு அதிகாரியின் அறை வரைக்கும்தான் வந்தது. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பை எடுத்து, அவன் கைப்படப் பொங்கலுக்கு முந்தின நாள் எழுதிய கடிதத்தை அவன் பக்கமே திருப்பி வைத்தார். லீவ் கொடுக்க அவருக்கு வழியில்லை. சொல்லாமல் போனால் வேறு மாதிரி எழுத வேண்டிவரும். போகத்தான் வேண்டும் என்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், அதுதான் இருவருக்கும் மரியாதை என்றார். நேர்முகத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேரை எடுப்பார்கள் என்று கேட்டார். நாலைந்து பேருக்கு ஒருவர் என்றான் சோமசேகரன். அதிகாரி கோப்பை மூடினார். நாளைக் காலையில் சொல் என்றார்.

அன்று சாயங்காலம் ஆற்றங்கரையில் நடந்தான். தேர்வில் அவனுக்கு ஒரே ஒரு விதிதான் இருந்தது: சந்தேகமானால் விட்டுவிடு. அந்த ஒரு விதியால்தான் இன்றைக்கு அழைப்பு வந்திருக்கிறது. செல்லையன் கொண்டுவந்த சேதியை அந்த விதிப்படி விட்டிருக்க வேண்டும். ஊர்வாய் வார்த்தையை நம்பி, பேனாவை எடுத்துக் குறித்துவிட்டான். அதற்கான அபராதம்தான் இப்போது முன்னால் நிற்கிறது. அழைப்பு வந்தபோது காரைக்காலில் இருந்திருந்தால் சாதாரண லீவில் போய்வந்திருக்கலாம். இப்போது வேலையைக் கொடுத்துத்தான் போக வேண்டும்.

இதுவும் சந்தேகமான கேள்விதான். விதிப்படி விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் விட்டால் மிஞ்சுவது அந்த ஜன்னல்.

காலையில் ராஜினாமாவை எழுதிக் கொடுத்தான்.

மெட்ராஸ் சென்ட்ரலில் சுப்பையன் நின்றுகொண்டிருந்தார். அழைப்புக் கடிதம் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள் என்று ஐரேன் சொல்லியிருக்கிறாள். தபாலை நம்பாமல் அவரே வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அவர் மெட்ராஸ் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கூட்டத்தைப் பார்க்காமல் ரயிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காப்பிக் கடையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். வந்த கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் படிக்கச் சொல்லி எத்மோன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். ஐரேன் அதை இரண்டு தடவை படித்தாளாம். பிறகு, சோமசேகர் ஏன் யேனாம் போனார் என்று கேட்டாளாம். நீதான் பாஸாகிட்டியே அம்மா, அவனுக்குத்தான் ஆகலியே என்று இவர் சொல்ல, அவள் அப்பா பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் பொரிந்து தள்ளியிருக்கிறாள். எத்மோனுக்கு எதுவும் விளங்கவில்லை. மகள் பரீட்சை எழுதினாள், எழுதினாள் என்றுதான் சொன்னேன், இதில் பொய் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

"எழுதினா பாஸாம். தேறிட்டான்னு அவங்க எடுத்துக்கிட்டாத்தான் ரெசூவாம். அந்தப் பொண்ணு சொல்லுச்சு" என்றார் சுப்பையன். "ரெசூ எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் நாள்ல நிலவரி கட்டினா கொடுப்பானே, அந்த ரசீது. கைல ரெசூ இருந்தாத்தான் கட்டினதா அர்த்தம்."

அப்புறம் காப்பியை ஆற்றிக்கொண்டே, லீவ் எத்தனை நாள் என்று கேட்டார்.

"லீவ் இல்லப்பா. எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

சுப்பையன் டபராவைக் கீழே வைத்தார். மடியிலிருந்து கடிதத்தை எடுத்து, நீவி, அவன் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அவனிடம் பேசவில்லை.

நேர்முக அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கணக்கில் இரண்டு கேள்வி, காரைக்காலைப் பற்றி ஒரு கேள்வி. பிறகு அவன் விவரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், நிரந்தர வேலையில் சேர்ந்த சூட்டோடு ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். மழுப்புவதற்கு ஒன்றும் கைவசம் இல்லாததால் சோமசேகரன் நடந்ததை நடந்தபடி சொன்னான். மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர், இவ்வளவு பெரிய முடிவுக்கு முன்னால் சேதி சரியா என்று நீங்கள் விசாரிக்கவில்லையா என்று கேட்டார்.

விசாரித்தேன், முடிவு செய்த பிறகு விசாரித்தேன், அதுவும் அதே வார்த்தையை வைத்துக்கொண்டு விசாரித்தேன் என்றான் அவன்.

சிரிக்காதவர் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்பது மேஜைக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை.

வரிச்சிக்குடிக்குத் திரும்பிய சோமசேகரனுக்கு வேலை இல்லை. அறுப்பு முடிந்து உளுந்து விதைத்த வயலில் சும்மா நடந்துகொண்டிருந்தான். சுப்பையன் பேசவேண்டியதை மனைவி மூலமாகப் பேசினார். சாப்பிடச் சொல், மாட்டை மாற்றிக் கட்டச் சொல் என்கிற அளவில் அது நின்றது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் இருவரும் ஒரே சமயத்தில் வாசலுக்கு வந்தார்கள். வந்துவிட்டு, வேறு ஏதோ வேலையாக வந்தது போல ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

எத்மோன் வீட்டுக்கு ஒரு தடவைதான் போனான். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். மகள் படித்துப் படித்துச் சொல்லியும் பழக்கம் விடவில்லை.

"மெட்ராசுல பாஸ் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேங்க" என்றான். அவர் அர்த்தத்தில் அது சுத்தமான உண்மை.

ஐரேன் மேஜையில் பம்பாய்க் கட்டுகளைத் திரும்பப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். பிரான்சில் துலோனிலிருக்கும் அண்ணன் ரெனே அங்கே வந்துவிடச் சொல்லி எழுதிக்கொண்டே இருக்கிறானாம். புதுப்பித்த பாஸ்போர்ட்டும் தயாராக இருக்கிறது. போகப் போகிறீர்களா என்று சோமசேகரன் கேட்டான்.

"இந்த டிசம்பர்ல இன்னொரு தடவை பாஸ் பண்ணிட்டு யோசிக்கிறேன்" என்றாள். "இந்தத் தடவை தெரியாத கேள்வியை விட்டுடக் கத்துக்கணும். நீங்க சந்தேகமானதையும் குறிக்கக் கத்துக்கிட்டீங்க, நான் விட்டுடக் கத்துக்கக் கூடாதா?"

தந்திக்கு அவன் நன்றி சொல்ல வாயெடுத்ததும், விசிலுக்கு நேரமாகிவிட்டது என்று கேள்வித்தாள் மேல் குனிந்துகொண்டாள்.

ஏப்ரல் கடைசியில் தபால்காரர் நீளமான உறை ஒன்றைக் கொண்டுவந்தார். வாசலில் நின்றே சோமசேகரன் பிரித்தான். பெங்களூரில் இடம் கொடுத்திருந்தார்கள். ஜூனில் சேர வேண்டும். படித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தான்.

சுப்பையன் தொண்டையைச் செருமினார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் பிள்ளையோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ரெசூவா?"

"ரெசூதான்ப்பா."

அவர் காகிதத்தை வாங்கி, எழுத்தைப் பார்க்காமல் முத்திரையை மட்டும் பார்த்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் போனார். உளுந்து விலை விசாரிக்க என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். உளுந்து இன்னும் வயலில்தான் இருந்தது.

கடைத்தெருவில் செல்லையன் எதிரே வந்தார். சேதி எப்படியோ அவர் காதுக்கு அதற்குள் எட்டியிருந்தது.

"என்ன சுப்பையன், பையன் பாஸ் பண்ணிட்டானாமே?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் சுப்பையன் ஓரடி பின்னால் தள்ளி நின்றார்.

"பாஸெல்லாம் டிசம்பர்லயே பண்ணிட்டான்ங்க. பொண்ணும் பண்ணுச்சு, இவனும் பண்ணினான். அதுல ஒண்ணும் இல்ல. இப்ப வந்திருக்கிறது ரெசூ."

மடியிலிருந்த காகிதத்தைத் தட்டிக் காட்டினார்.

செல்லையன் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, எந்த வரிக்கு என்று கேட்டார்.